மூத்தார் வரும் நேரம்

ஓசூர்,
4 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் நீ பேசுவது பாதிக்கு மேல் என் காதில் விழாது என்று உனக்கே தெரியும். அதனால் தாளில் எழுதி உன் தம்பி நவீனிடம் கொடுக்கிறேன். அவன் போனில் படம் பிடித்து அயர்லாந்துக்கு அனுப்புவான். நீயும் அதே மாதிரி எழுதி அனுப்பு, ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தாக எடுத்துத் தருவான்.

அம்மா தக்காளித் தோட்டத்தில் பாத்தி மேல் விரித்த ஈரமான மல்ச்சிங் பிளாஸ்டிக் சீட்டை மிதித்து விழுந்ததும், இடுப்பு எலும்பு முறிந்து இங்கே கம்பி வைத்து ஆபரேஷன் ஆனதும் அவன் சொல்லியிருப்பான். சர்க்கரை இறங்கவில்லை, புண் ஆறவில்லை என்று இன்னும் வார்டில்தான் வைத்திருக்கிறார்கள். டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் உன்னைப் போல் நர்சு உடுப்புப் போட்ட ஒருத்தி மேல்தான்.

நேற்று சாயங்காலம், ஆட்களை உள்ளே விடுகிற நேரம். உன் பெரியப்பா உத்தனப்பள்ளியில் பஸ் ஏறி, கையில் பழப் பையோடு வந்தார். நான் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து வார்டு வாசலில் கால் வைக்கிறேன், உங்கம்மா கட்டிலை விட்டு எழுந்து நிற்கிறாள்! நின்றவள் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வார்டு சிஸ்டர் நிர்மலா என்று ஒரு பெண், எங்கிருந்தோ ஓடி வந்து பிடித்தாள். பிடித்தவள் தூக்கி நிறுத்த வேண்டாமா? அம்மாவைக் கீழே சரித்து, தரையில் உட்கார வைத்துவிட்டாள். ஆபரேஷன் ஆன பொம்பளையைத் தரையில்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். "ஏம்மா, படிச்சுட்டுத்தான் வந்தியா, இல்ல சும்மா வந்து நிக்கறியா? தாங்கிப் புடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்து, "எங்க வலிக்குதும்மா? தலை சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல வேளை, கம்பி வைத்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பா பழத்தை வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பெண் மேல் புகார் கொடுக்கப் போகிறேன். எப்படிக் கொடுத்தால் உறைக்கும் என்று நீதான் சொல்ல வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
அப்பா,
மாதேஷ்


கார்க், அயர்லாந்து,
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புகாரை எழுதியிருந்தால் முதலில் கிழித்துப் போடுங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

அந்த சிஸ்டர் அம்மாவைக் கீழே தள்ளவில்லை அப்பா. காப்பாற்றியிருக்கிறார். விழுகிற ஆளை நிமிர்த்திப் பிடிக்கப் போனால் பிடிக்கிறவரும் சேர்ந்து விழுவார். அதனால் ஒரு காலை முன்னால் ஊன்றி, நோயாளியைத் தன் மேல் சாய்த்து, அந்தக் கால் வழியாகவே மெதுவாக இறக்கித் தரையில் உட்கார வைக்க வேண்டும். தலை அடிபடாது, ஆபரேஷன் செய்த இடமும் அடிபடாது. எங்களுக்கு இதைப் பொம்மையை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஓடி வந்த வேகத்தில், அம்மாவின் கனத்துக்கு, என்னால் இதைச் செய்திருக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம். நீங்கள் அவரைப் படித்தவளா என்று கேட்டீர்களாக்கும்! இங்கே உட்கார்ந்து நான் வெட்கப்படுகிறேன். போய் அவரிடம் நல்லபடியாக நாலு வார்த்தை பேசுங்கள்.

எனக்கு வேறு கவலை. அம்மா ஏன் எழுந்தாள்? பாத்ரூம் அவசரமா? தலை கிறுகிறுத்ததா? காரணம் இல்லாமல் யாரும் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்கள். அது என்னவென்று தெரியாவிட்டால் மறுபடியும் இறங்குவாள், மறுபடியும் விழுவாள். நவீனிடம் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: இன்னொரு தரம் விழுந்து கம்பி விலகினால் திரும்ப ஆபரேஷன் செய்ய வேண்டும், அதை அம்மாவின் இதயம் தாங்காது. இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் நினைத்தான். நான் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் கேட்டால் "ஒன்னுமில்ல"ன்னுதான் சொல்லுவா. சிஸ்டரிடம் கேளுங்கள்.

உங்கள் மகள்,
ரேவதி


ஓசூர்,
8 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ரேவதிக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அந்த சிஸ்டரைத் தேடிப் போனேன். தோட்டத்துத் தக்காளி ஒரு பை கொண்டு போனேன், வெறுங்கையோடு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "என் பொண்ணும் நர்சுதாம்மா. அவ சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சுது. மனசுல வெச்சுக்காத" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "நீங்க கத்துனதும் நல்லதுதாங்கய்யா. மத்த பேஷண்டுங்க எல்லாம் பயந்துட்டு ரெண்டு நாளா கட்டிலை விட்டே எறங்கல" என்று சொன்னாள். வாய்க்காரி!

அன்றிலிருந்து அவள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ என்ன வேலை செய்கிறாய் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை, இப்போது கண்ணால் பார்க்கிறேன். அவள் உள்ளே வந்தால் முதலில் தரையைப் பார்க்கிறாள், அப்புறம்தான் ஆளைப் பார்க்கிறாள். சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் துடைக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் மிதித்துப் பார்க்கிறாள். மணியின் கயிறு நோயாளியின் கைக்கு எட்டுகிறதா என்று அவர்களையே இழுக்கச் சொல்லிப் பார்க்கிறாள். யாரும் கூப்பிடும் முன்பே கட்டில் கட்டிலாகப் போய், "பாத்ரூம் போகணுமா? வெக்கப்படாதீங்க, இப்பவே போயிட்டு வந்துரலாம்" என்று கேட்கிறாள். ஒரு கட்டிலில் தமிழ், அடுத்ததில் கன்னடம், அதற்கடுத்ததில் தெலுங்கு. "எந்திரிக்காதீங்க, ஏளபேடி, லேவொத்து" என்று மூன்றையும் கலந்துகட்டி மாலை மாதிரி சொல்லிக்கொண்டே போவாள். அந்தக் குரல் கேட்டால் வார்டுக்கே ஒரு தைரியம் வருகிறது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மா ஏன் எழுந்தாள் என்று சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டாள்.

"அய்யா, இந்த வார்டுல விழறவங்கள்ல நெறைய பேரு ஆளுங்க பாக்க வர்ற நேரத்துலதான் விழறாங்க. எனக்கே ரொம்ப நாளா புரியல. அப்புறம்தான் கவனிச்சேன். மாமனார் உள்ள வந்தா மருமக எந்திரிக்கறா. ஊர்ப் பெரியவர் வந்தா, கால்ல கட்டோட இருக்கற ஆம்பளையும் எந்திரிக்கறாரு. உங்க வீட்டம்மா யாரைப் பாத்து எந்திரிச்சாங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணனைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறாள். அம்மாவைக் கேட்டோம். "மூத்தார் வர்றப்ப நான் படுத்துக் கெடக்கறதா? எனக்கு நெனப்பே இல்ல சிஸ்டர், காலு தானா எறங்கிருச்சு" என்றாள்.

நம் வீட்டு வழக்கம் நீ அறியாததா. தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அண்ணனும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதைதான். அவருக்குக் காபி வேண்டுமா என்று உன்னை அனுப்பித்தானே கேட்பாள்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி போட்டுவிடச் சொன்னேன். சிஸ்டர் வேண்டாம் என்றாள். "எந்திரிக்கணும்னு வந்துட்டா கம்பியையும் தாண்டுவாங்க. அது இன்னும் உசரத்துல இருந்து விழற மாதிரி. நாங்க நூறு தடவை சொன்னாலும் அந்தக் காலு கேக்காது. யாருக்காக எந்திரிக்குதோ அவரு சொன்னாத்தான் கேக்கும். உங்கண்ணன் உள்ள வர்றதுக்கு முன்னாடி, வாசல்ல நின்னு, எந்திரிக்காதம்மான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாள்.

அதை அண்ணனிடம் நான் போய்ச் சொல்ல வேண்டுமாம். நடக்கிற காரியமா கண்ணு? அப்பா செத்த பிறகு என்னை வளர்த்தவர். அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதில்லை, இதைச் செய்யுங்கள் என்று சொன்னதும் இல்லை. என் பெண்டாட்டியோடு பேசுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அப்பா


கார்க்,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நிர்மலா சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் மெத்தைக்கு அடியில் அலாரம் இருக்கிறது, நோயாளி அசைந்து இறங்கினாலே கத்தும். விழக்கூடியவர்கள் கையில் மஞ்சள் பட்டை கட்டுகிறோம். மரியாதைக்காக எழுந்து விழுவார்கள் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. நேராகவே சொல்கிறேன். பெரியப்பா மறுபடி எப்போது வேண்டுமானாலும் வருவார். பழத்தோடு வருவார், பாசத்தோடுதான் வருவார். அம்மா எழுந்து நிற்பாள். அன்றைக்கு சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் தப்பித்தோம். அடுத்த வார்டில் இருந்தால்? அண்ணன் முகம் கோணுமே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அம்மா இல்லாமல் போய்விடுவாளே என்று நான் பயப்படுகிறேன்.

இங்கே வேலையில் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, இப்போது லீவு தர மாட்டார்கள். வேலையையே விட்டுவிட்டு வந்து அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். நீங்கள் பேசுகிறீர்களா, நான் பேசட்டுமா? நான் பேசினால், சின்னப் பெண்ணை விட்டுப் பேச வைத்தான் என்று பெரியப்பாவுக்கு வருத்தம் வரும். நீங்கள் பேசினால்தான் சரி அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரேவதி


ஓசூர்,
12 ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

பேசினேன். காரியத்தைக் கெடுத்துவிட்டும் வந்தேன்.

காலையில் ஊருக்குப் போனேன். அண்ணன் தோட்டத்தில் போர்செட் மோட்டார் பக்கத்தில் சொட்டுநீர்க் குழாயைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: அண்ணா, வார்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் எழுந்திருக்க மாட்டாள். இவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போச்சு. அவரை அம்மாவோடு பேசச் சொல்ல நாக்கு புரளவே இல்லை. "அண்ணா, நீங்க இனிமே ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. நீங்க வந்தா அவ எந்திரிக்கறா, எந்திரிச்சா விழறா" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் "சரிப்பா" என்றார். குழாயைக் கீழே போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். அண்ணன் தீர்த்தகிரி என்றால் இந்தப் பக்கத்து ஊர்களில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. நான் போய் வராதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. "என்னால அவரை வரக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களா? நான் எந்த மொகத்தோட அந்த வீட்டு வாசப்படி மிதிக்கறது? என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, அவரு கால்ல விழணும்" என்று ஒரே அழுகை. அந்த அழுகையிலும் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். சிஸ்டர் ஓடி வந்து உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வர வேணாம்னு யாருங்கய்யா சொல்லச் சொன்னது? அவரு வரணும். வந்து பேசணும். நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று பிடித்துக்கொண்டாள்.

பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் கண்ணு. அண்ணனும் போச்சு, அம்மாவுக்கும் நிம்மதி போச்சு.

அப்பா


கார்க்,
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். போர்செட் பக்கத்தில் நீங்கள் வாய் குழறி நின்றதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுகையும் வந்தது.

நீங்கள் பெரியப்பா எதிரில் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்காகச் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லத் தெரியாமல் சொன்னாலும் சொல்லிவிட்டீர்கள். என் அப்பாவா இது என்று இருக்கிறது. இதற்கு மேல் சரி செய்கிறேன் என்று மறுபடி ஓடாதீர்கள். பெரியப்பா கோபக்காரர்தான், புரியாதவர் இல்லை.

அம்மாவைத் தனியே விடாதீர்கள். அழுகிற ஆள் கட்டிலில் நிலையாக இருக்க மாட்டார், இதையும் சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள். அவருக்கே தெரிந்திருக்கும்.

ரேவதி


ஓசூர்,
20 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா ஆசையோடு எழுதுவது.

முதலில் உனக்கு வேண்டிய செய்தி. அம்மா விழவில்லை. நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வேலையை விட வேண்டாம். அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடு.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் நிர்மலா சிஸ்டர் மத்தியான டியூட்டிக்கு வந்தபோது, கீழே மருந்துக் கடைக்கு எதிரில் பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்திருந்தாராம். முதல் நாளும் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். தம்பி வர வேண்டாம் என்று சொன்னதால் மாடி ஏறவில்லை. உன் அம்மா பேரைச் சொல்லி, சரோஜம்மாள் எப்படி இருக்கிறாள் என்று மருந்துக் கடைக்காரப் பையனிடம் கேட்டிருக்கிறார். அவனுக்கு என்ன தெரியும்!

சிஸ்டர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். அவர் எதிரில் உட்கார நம் வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அவர் கேட்டிருக்கிறார், "அந்தப் பொண்ணு எதுக்கும்மா எந்திரிக்குது? நான் எந்திரிக்கச் சொல்லலியே?"

"எந்திரிக்க வேணாம்னும் நீங்க சொல்லலியேங்கய்யா" என்றாளாம் இவள்.

அவர் மாடிப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாராம். அப்புறம், "நான் பேசுனா அது தப்பா நெனைக்காதா?" என்று கேட்டாராம். அவ்வளவு பெரிய மனுஷர், பயந்து கேட்டிருக்கிறார். சிஸ்டர் "வாங்க, நான் கூட நிக்கறேன்" என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள்.

நான் அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் தலை தெரிந்ததும் நானே பாதி எழுந்துவிட்டேன். அம்மா போர்வையைத் தள்ளிவிட்டாள். கால் கீழே வருகிறது. நான் கையை நீட்டுவதற்குள் வாசலிலிருந்து குரல்.

"சரோஜா, எந்திரிக்காத. உக்காரும்மா."

வெளியே வந்த கால் அப்படியே நின்றது ரேவதி. சிஸ்டர் எவ்வளவு சொல்லியும் கேட்காத கால்! அம்மா அதைத் தானாகவே மெத்தை மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "உடம்பை நல்லாப் பாத்துக்கம்மா. வீடு எங்கயும் ஓடிப் போகாது" என்றார். அம்மா அழுகைக்கு நடுவில் "வாங்க மாமா. உக்காருங்க" என்றாள். அவள் அவரை அப்படி நேரில் கூப்பிட்டு என் காதால் இப்போதுதான் கேட்கிறேன்.

என்னைப் பார்த்து அண்ணன், "வராதன்னு சொன்னியே, இதைச் சொல்றதுக்கு என்னடா?" என்று மட்டும் கேட்டார். கோபம் அவ்வளவுதான். எனக்கு அங்கேயே ஓவென்று அழலாம் போல் இருந்தது.

அதற்குப் பிறகு சிஸ்டர் இதை வார்டுக்கே சட்டமாக்கிவிட்டாள். ஆட்களை உள்ளே விடும் முன் வாசலில் நின்று, வீட்டுப் பெரியவர்களை மட்டும் பிடித்துச் சொல்கிறாள்: உள்ளே போவதற்கு முன்னால் எழுந்திருக்காதே என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். சூளகிரியிலிருந்து வந்த ஒரு தெலுங்குக்காரப் பெரியவர் என்னம்மா புதுசாக என்று முறைத்தார். அவள் சிரித்துக்கொண்டே அவர் பாஷையிலேயே பேசி, சொல்ல வைத்துத்தான் விட்டாள். நீயும் இப்படித்தானே அங்கே யாரோ பெற்ற தாய் தகப்பனைக் காவல் காத்துக்கொண்டு இருப்பாய்? எனக்கு இப்போதுதான் புரிகிறது. வயிறு குளிர்ந்து எழுதுகிறேன், நீ நல்லா இருக்கணும்.

இன்று சாயங்காலம் அம்மாவை வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். அண்ணனும் வந்திருந்தார். சிஸ்டர் அம்மாவின் இடுப்பில் பட்டையான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார வைத்தாள். மூச்சு விடச் சொன்னாள். தலை சுற்றவில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான், "இப்ப எந்திரிங்கம்மா, உங்களுக்காக எந்திரிங்க" என்றாள்.

அம்மா எழுந்தாள். அவள் எழுந்ததும் நாற்காலியில் இருந்த அண்ணனும் எழுந்தார். ஏதாவது வேண்டுமோ என்று நினைத்து, "உக்காருங்கண்ணா" என்றேன். அவர் உட்காரவில்லை. அம்மா வாக்கரை நகர்த்தி நகர்த்தி ஜன்னல் வரைக்கும் போய், திரும்பி, கட்டிலுக்கு வந்து உட்காருகிற வரைக்கும், மேல் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாதேஷ்